குயில் பாட்டு ஏன் இறங்குவதில்லை

அந்தக் காலத்தில், பறவைகள் மனிதரோடு சரிக்குச் சரி பேசித் திரிந்தபோது, காவிரிக் கரைக் கோயில் ஒன்றின் இலுப்பை மரத்தில் காரி என்ற ஆண்குயிலும் வரிச்சி என்ற பெண்குயிலும் குடியிருந்தன.

காரி கோயிலில் பாடும். அங்கே பதிகம் பாடும் ஏகவீரி என்ற பெண்ணுக்கு அதன் குரல் என்றால் உயிர். வரிச்சிக்கு வயல்தான் பிடிக்கும். நாற்று நடும் பெண்கள் ஓர் அடி பாட, அது மறு அடி பாடும். சாயங்காலம் மரத்துக்குத் திரும்பியதும் இரண்டும் சேர்ந்து பாடும். காரி குரலை மேலே மேலே ஏற்றிக்கொண்டு போகும். உச்சியில் வரிச்சி அதை வாங்கி, மெல்ல மெல்ல இறக்கி, தொடங்கிய இடத்தில் கொண்டுவந்து விடும்.

"இந்த இறக்கத்தை எங்கே பிடித்தாய்?" என்று காரி ஒருநாள் கேட்டது.

"நடவுப் பெண்களிடம்தான். நாளெல்லாம் குனிந்து பாடுகிறவர்களுக்கு அது தானாக வரும்" என்று வரிச்சி சிரித்தது.

திருவிழா வந்தது. ஏகவீரி புதிய பதிகம் ஒன்றைப் பாட, காரி கூடவே குரலை ஏற்றியது. மண்டபம் நிறையப் பட்டும் பொன்னுமாகக் கூட்டம். அப்போதுதான் வயலிலிருந்து வந்த வரிச்சி, காலில் சேறு காயாமல், மண்டப விளிம்பில் உட்கார்ந்திருந்தது. காரியின் குரல் உச்சிக்குப் போனதும் வரிச்சியால் சும்மா இருக்க முடியவில்லை. பழக்கப்படி வாங்கி இறக்கியது.

ஏகவீரி பாட்டை நிறுத்தினாள். "காரி, இது நடவுப் பாட்டு மெட்டல்லவா? யார் பாடியது? உனக்குத் தெரிந்த குயிலா?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. காரியின் கண்ணில் அந்தச் சேற்றுக் கால்கள்தான் பட்டன. கோயிலை விட்டே தன்னைத் துரத்திவிடுவார்கள் என்று பயந்தது.

"தெரியாது அம்மா. வயலில் திரிகிற ஏதோ பறவை."

வரிச்சி அதன் முகத்தை ஒரு கணம் பார்த்தது. பிறகு பறந்துவிட்டது.

"அடடா, போய்விட்டதே!" என்றாள் ஏகவீரி. "பதிகத்துக்கு இப்படி ஒரு முடிப்பைத்தானே தேடிக்கொண்டிருந்தேன். கூட உட்காரவைத்துப் பாடச் சொல்லலாம் என்றுதான் கேட்டேன்."

காரி உடனே வரிச்சியின் பின்னால் பறந்தது. வயல் வயலாகத் தேடி, கடைசியில் ஒரு புன்னை மரத்தின் இலை மறைவில் வரிச்சியைக் கண்டது.

"பயத்தில் சொல்லிவிட்டேன். வா, பாடு."

"வயலில் திரிகிற பறவைக்குப் பாட்டு எதற்கு?" என்றது வரிச்சி. அதன் பிறகு அது பேசவில்லை. "கிக், கிக்" என்ற கீச்சுக் குரல் மட்டும் வந்தது.

காரி பாடிப் பார்த்தது. உச்சிவரை போய், வரிச்சி வாங்கிக்கொள்ளட்டும் என்று நிறுத்தியது. எந்தக் குரலும் வரவில்லை. தனியாக இறங்க அதற்குத் தெரியவில்லை. மறுபடி கீழேயிருந்து தொடங்கியது.

அன்று முதல்தான் ஆண்குயில் குரலை ஏற்றி ஏற்றிக் கூவி, உச்சியில் சட்டென்று நிறுத்திவிடுகிறது. பெண்குயில் பக்கத்து மரத்திலேயே இருந்து கேட்கிறது, பாடுவதில்லை.