வார்னிஷ் கந்தப்பன் வானத்தில் பறந்த கதை

சேலத்துப் பக்கம் ஒரு ஃபிளையிங் கிளப்பில் பழைய மரப் பிளேன் ஒன்று உண்டு. பைலட்டோடு சேர்த்து இரண்டே பேர்தான் உட்காரலாம். அதற்குப் பத்தொன்பது வருஷமாக வார்னிஷ் அடிப்பவர் கந்தப்பன். அதில் அவர் ஒரு நாளும் பறந்ததில்லை; பறந்ததாகச் சொல்லாத நாளும் இல்லை.

ஆயுத பூஜை முடிந்ததும், இதுவரை மேலே போகாத ஒரு வேலையாளை அந்தப் பிளேனில் ஒரு சுற்று கூட்டிப்போவது கிளப் வழக்கம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, கந்தப்பன் வருஷா வருஷம் கெட்டார். "அண்ணன்தான் பழம் தின்னு கொட்டை போட்டவராச்சே" என்று சீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். இந்த வருஷமாவது ஏறிவிட மாட்டோமா என்று மனுஷனுக்கு உயிரே துடித்தது. போட்டிக்கு இருந்தது புதிதாக வந்த கேன்டீன் லூர்துமேரி மட்டும்தான்.

பிளேனுக்கு வாழைக்கன்று கட்டும்போது அவளே கேட்டாள். "பயமா இருக்குண்ணே. மேல போனா ரொம்ப ஆடுமா?"

"ஆடும்" என்று சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். வாய் கேட்டால்தானே!

"ஆட்டமா? ஏற்காட்டுக்கு மேல பெட்ரோல் தீந்துபோச்சு. தூக்குல இருந்த ரசத்த ஊத்தினேன். ஒரு செருமல் செருமிட்டு நேரா கொடைக்கானல் போயிருச்சு."

"மொளகு ரசமாண்ணே?"

"பின்ன? ஆத்தூர்கிட்ட ஒரு மேகம் மறிச்சுது. கண்ணாடியத் தெறந்து கையால தள்ளி விட்டேன். ஆத்தூர்ல பேய வேண்டிய மழை தர்மபுரில பேஞ்சிருச்சு. ஆத்தூர்க்காரங்க இன்னும் எங்கூடப் பேசறதில்ல."

"அடேயப்பா!"

"மரம்தானே மேரி? மழைல நனைஞ்சதும் வால்ல துளிர் விட்டுருச்சு. கடலூர் போறதுக்குள்ள பலா காச்சுத் தொங்குது. சுளையத் தின்னுட்டுக் கொட்டைய கீழ போட்டேன். பண்ருட்டிக்குப் பலா வேற எப்படி வந்துச்சுங்கற?"

லூர்துமேரி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்ததில் பயம் போய்விட்டது.

பைலட் நஸ்ரீன் வந்தார். "இன்னும் மேல போகாதவங்க யாரு?"

மேரி கை தூக்கினாள். கந்தப்பனும் தூக்கினார்.

"அண்ணே, பண்ருட்டி?" என்றாள் மேரி.

கந்தப்பன் தூக்கிய கையால் தலையைச் சொறிந்தார். ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

"போனது நெசம்தான் மேடம். ஆனா உள்ள உக்காந்ததில்ல. அத்தன தடவையும் றெக்க மேலதான் நின்னுட்டுப் போனேன்."

நஸ்ரீன் சிரிக்கவில்லை. மேரியை உள்ளே ஏற்றி பெல்ட்டை மாட்டிவிட்டு, கந்தப்பனிடம் சொன்னார்:

"நல்லதாப் போச்சுண்ணே. நீங்க உங்க இடத்துல ஏறிக்குங்க."