எட்டாத கயிறு

கஜானா காலியானதும் மந்திரி நாகலிங்கம் ஓர் ஆணை போட்டார். அரண்மனை கொடுத்தது எதுவானாலும் பத்தில் ஒரு பங்கு வெட்டப்படும். தன் வீட்டுக்கும் விலக்கில்லை என்றார்.

அரண்மனைக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஒச்சாயியின் கயிற்றையும் வெட்டினார்கள். வாளி தண்ணீரைத் தொடவில்லை.

“பத்துல ஒண்ணு குறைஞ்சா எட்டாம போகுமா? மிச்சத்தை இவ திருடி வித்திருப்பா,” என்று ராஜாவிடம் சொன்னார் மந்திரி. “இப்பவே இறைக்கட்டும். இல்லேன்னா சிறைதான்.”

“எனக்கும் இந்தக் கயித்து மேல சந்தேகம்தான் மகாராஜா,” என்றாள் ஒச்சாயி. “மந்திரி வீட்டுக்கும் இதே நீளத்துலதான் கொடுத்தீங்க. அதை வரவழைச்சா இறைக்கிறேன்.”

மந்திரி வாயைத் திறப்பதற்குள் ராஜா ஆளை அனுப்பிவிட்டார். அந்தக் கயிற்றில் வாளி நிறைந்து வந்தது.

“குடிங்க மகாராஜா,” என்றாள் ஒச்சாயி. “வெட்டின கயிறு எப்படி எட்டுச்சுன்னு மந்திரி ஐயா சொல்லுவாரு.”