பள்ளத்துக் கல்

ஒரு பழைய வீட்டின் அடுக்களை மூலையில் ஒரு கடப்பைக் கல் இருந்தது. அதற்கு இழைக்கப்பட்ட அநீதிகளை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுவோம்.

முதலில், அதன்மேல் ஈரம் கண்டபோது, எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை, துடைத்துவிட்டுப் போனார்கள். அடுத்து, துடைத்துச் சலித்ததும் சாக்கைப் போட்டு மூடினார்கள். மூன்றாவதாக, அதன் ஓரங்களில் வெள்ளை சிமெண்டைத் திணித்து வாயை அடைத்தார்கள். அதற்கும் ஈரம் அடங்காததால் ‘தரித்திரம் பிடித்த மூலை’ என்று பெயர் வைத்தார்கள். கல்லைக் கொன்றது கடைசி அநீதிதான்: அங்கே கால் வைப்பதையே விட்டுவிட்டார்கள்.

ஈரம் வருவதற்கு முன், சித்திரை வெயிலில், வீட்டுக்காரி சண்முகவடிவு சமையலை முடித்துவிட்டு முந்தானையை விரித்து அந்தக் கல்மேல்தான் படுப்பாள். அவள் முதுகின் சூடு கல்லுக்குள் மெல்ல இறங்கும்; கல்லின் குளிர்ச்சி அவளுக்குள் ஏறும். அதற்காகவே தன்னைப் பூமியிலிருந்து வெட்டியெடுத்தார்கள் என்று கல் நம்பியிருந்தது. இப்போது அவள் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே படுக்கிறாள். புரண்டு படுக்கும்போது அவள் வளையல் வேறொரு தரையில் உரசும். அந்தச் சத்தத்துக்காக மத்தியானம் முழுவதும் கல் காத்துக் கிடக்கும்.

அவள் புருஷன் இசக்கியப்பன், கொத்தனாரையும் பிளம்பரையும் வாசற்படி ஏறவிடாதவன். கைபேசியில் படம் பார்த்து எல்லா வேலையையும் தானே செய்வான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு அடுக்களைக்குள் வந்தான்.

“இன்னைக்கு இதப் பேத்து எறிஞ்சிட்டு டைல்ஸ் போட்டுருதேன். சாயங்காலம் வண்டிக்காரன் வந்து உடைச்சு அள்ளிட்டுப் போயிருவான்.”

கடப்பாரை கல்லின் ஓரத்தில் வந்து நின்றது.

“கொஞ்சம் பொறு அண்ணே,” என்றது கல். “இந்தத் தண்ணீர் என்னுடையது இல்லை. இந்த வீட்டிலேயே பள்ளமான இடம் நான். யார் எங்கே ஒழுகினாலும் என்னிடம்தான் வந்து சேரும்.”

“அதையெல்லாம் என்னிடம் சொல்லாதே. இடத்தைக் காட்டுவார்கள், இடிப்பேன். காரணம் கேட்கிற கடப்பாரையை எந்த ஊரில் பார்த்திருக்கிறாய்?”

சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறைக் குழாய் சிரித்தது. வந்து இரண்டு வருஷமாகியும் முகம் பார்க்கலாம் போல அப்படி ஒரு பளபளப்பு. “ஈரம் யார்மேல் இருக்கிறதோ அவன்தானே குற்றவாளி? என்னைப் பார். ஒரு சொட்டு தெரிகிறதா?”

“உன் முகத்தைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். முதுகை யார் பார்த்தார்கள்?” என்றது கல்.

கடப்பாரை இறங்கியது. கல்லைப் பெயர்த்து முற்றத்துச் சுவரில் சாய்த்தார்கள். வெயில் பட்டுக் கல் உலர்ந்தது. ஏங்கி ஏங்கிக் கேட்ட உலர்ச்சி வந்துவிட்டது. ஆனால் நிறுத்திவைத்த கல்லில் யார் படுப்பார்கள்?

இசக்கியப்பன் எதிர்வீட்டு சேவியரை வாசலில் நின்று கூப்பிட்டான். அவர் மனைவியும் கூடவே வந்தாள்.

“வாங்க அண்ணாச்சி! அந்தக் காலத்து வேலை லட்சணத்தப் பாருங்க. கல்ல எடுத்தாச்சு, சனியன் விட்டுது.”

சேவியர் குழியை எட்டிப் பார்த்தார். “எங்க விட்டுது? தவளை வளக்கலாம் போல இருக்கே!”

சண்முகவடிவு மாடிக்குப் போனாள். தொட்டியிலிருந்து அடுக்களைக்கு வரும் வால்வை மூடிவிட்டுக் கீழே வந்து பார்த்தாள். குழியில் நீர் ஊறிக்கொண்டேதான் இருந்தது. மறுபடி ஏறி அதைத் திறந்துவிட்டு, குளியலறை வால்வை மூடினாள். இந்தத் தடவை ஊற்று சன்னமாகி, நின்றுபோனது.

“ஏங்க, தண்ணி குளியலறையில இருந்துல்லா வருது? கல்லு என்ன பாவம் பண்ணிச்சு?”

“சும்மா இருட்டி. அங்க என்ன இருக்கு? பூச்சு பாறை மாதிரி நிக்கி.”

அவள் குளியலறைக்குள் போய், குழாயடியில் இருந்த பெரிய டிரம்மை நகர்த்தினாள். பின்னால் சுவர் ஊறி உப்பியிருந்தது. விரலால் தொட்டதும் பூச்சின் ஓரம் பொலபொலவென்று உதிர்ந்தது.

சிமெண்டு ஈரமாக இருந்தபோது யாரோ அதில் ஆணியால் பெருமையாகக் கீறிவிட்டிருந்தார்கள். அந்த எழுத்துகள் பாசி பிடித்துப் பச்சைப்பசேல் என்று தெரிந்தன.

“என்னமோ எழுதியிருக்கே,” என்றார் பின்னாலேயே வந்த சேவியர், சண்முகவடிவிடம். “நான் கண்ணாடி போட்டுட்டு வரலியே. என்னம்மா அது?”

“அது ஒண்ணுமில்ல அண்ணாச்சி…” இசக்கியப்பன் அவசரமாக டிரம்மை இழுத்தான்.

சண்முகவடிவு டிரம்மின்மேல் கையை ஊன்றி நிறுத்தினாள். முற்றத்தில் வண்டிக்காரனுக்காகச் சாத்தி வைத்திருந்த கல்லுக்கும் கேட்கும்படி, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள்:

“கைவேலை: இசக்கியப்பன்.”