யாளிக்கு ஒரு காது குட்டை

தேனாற்றுச் சீமையை முன்னொரு காலத்தில் செண்பகராயன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். நல்ல மனசுக்காரன்தான். ஆனால் அந்த மனசு காலையில் ஒரு பக்கம் சாயும், மாலையில் வேறு பக்கம் சாயும். யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொன்னதே சரியென்று படும்.

அவனுக்கு வீணை என்றால் உயிர். நாகலிங்க ஆசாரி என்ற தச்சரிடம் ஒரு வீணை செய்யச் சொல்லி, பலா மரம் காய்ந்து பக்குவப்படும்வரை இரண்டு வருஷம் காத்திருந்தான். வீணை வந்த அன்று மடியில் வைத்து ஒரு தந்தியை மீட்டினான். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது நாதம். அன்று முழுவதும் அரசன் வீணையைக் கீழே வைக்கவில்லை.

மறுநாள் சபைக்கு வந்தார் சபேசர். அரண்மனைப் பொருள்களுக்கெல்லாம் அவர்தான் மேற்பார்வை. அந்த வீணையைத் தன் மைத்துனர் செய்திருக்க வேண்டும் என்று அவருக்கு உள்ளூரப் புகைச்சல். வீணையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"அரசே, குடத்தில் இதோ ஒரு கறுப்பு முடிச்சு. இங்கே மயிரிழை போல ஒரு கீறல். தண்டு முனையில் யாளி முகத்தைப் பாருங்கள், இடது காது குட்டை. மன்னருக்குக் கொடுக்கிற பொருளா இது?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அரசன் வாசிக்க உட்கார்ந்தால் கண் முடிச்சிலேயே போய் நின்றது. கண்ணை மூடினாலும் குட்டைக் காது தெரிந்தது. மூன்றாம் நாள் ஆசாரியைக் கூப்பிட்டு, "வீணையை எடுத்துக்கொண்டு போம். இனி அரண்மனை வேலை உமக்கில்லை" என்று சொல்லிவிட்டான்.

ஆசாரி வீணையைத் துணியில் சுற்றித் தூக்கினார். அரண்மனை வேண்டாமென்று தள்ளிய தச்சரிடம் ஊரில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

அமைச்சர் தெய்வநாயகர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் ஆசாரியை நிறுத்தி, "ஒரு வாரம் வீணை என் வீட்டில் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

"அரசே, மாசில்லாத வீணை வேண்டுமென்று நீங்கள் கேட்பது நியாயம். சபேசரின் மைத்துனர் ஒன்று செய்து வைத்திருக்கிறாராம். அதையே வரவழைப்போம். ஒரே ஒரு ஏற்பாடு. அதில் இனி ஒரு மாசும் விழாமல் காப்பதற்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும்."

"நானே ஏற்கிறேன்" என்றார் சபேசர், நெஞ்சை நிமிர்த்தி.

"ஒரு கீறல் விழுந்தாலும் பதவி போகும். சம்மதமா?"

மைத்துனர் வீணை வரப்போகிற குஷியில், "சம்மதம்" என்று சொல்லிவிட்டார் சபேசர்.

புது வீணை வந்தது. கண்ணாடி மாதிரி மெருகு. அரசன் ஆசையாக மடியில் வைத்தான்.

"அரசே, மோதிரங்களைக் கழற்றிவிடலாமே" என்றார் சபேசர்.

கழற்றினான்.

"முத்துமாலை குடத்தில் உரசும்."

அதையும் கழற்றினான். மறுநாள் சரிகை அங்கவஸ்திரம் கூடாது என்றார். அதற்கு மறுநாள் அரசன் தந்தியில் வழுக்கி ஓட விரலில் எண்ணெய் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது, எண்ணெய் பட்டால் மெருகு மங்கும் என்று வீணையையே பட்டுத் துணியால் மூடிவிட்டார். பாவம், அவருக்கும் நிம்மதியில்லை. சாப்பிடப் போனாலும் பாதியில் எழுந்து ஓடிவந்து வீணையைப் பார்த்தார். ஐந்து நாளில் கன்னம் ஒட்டிப்போயிற்று.

ஆறாம் நாள் சபையில் அரசன் பொறுமையிழந்தான். "சபேசரே, இது வீணையா, சாமி விக்கிரகமா? நான் எப்போதுதான் வாசிப்பது?"

சபேசருக்கும் தாங்கவில்லை. "மன்னிக்க வேண்டும் அரசே. வாசிக்கிற வீணையில் தடம் விழாமல் இருக்குமா? நகம் படும், நகை படும், மரமும் வெயிலுக்கு ஒரு மாதிரி மழைக்கு ஒரு மாதிரி மாறும். அதற்கெல்லாம் மனுஷன் எப்படிப் பொறுப்பேற்பது?"

தெய்வநாயகர் மெல்ல எழுந்தார். "சபேசர் சொல்வது முற்றிலும் சரி. வாசிக்கிற வீணையில் தடம் விழத்தான் செய்யும். ஆசாரியின் வீணையில் அது கொஞ்சம் முன்னாலேயே விழுந்துவிட்டது, அவ்வளவுதான்."

சபை கொல்லென்று சிரித்தது. சபேசர் தலை குனிந்துகொண்டார். அரசனுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் மனத்தில் ஒரு வருத்தம் மிச்சமிருந்தது. ஆசாரியையும், அமைச்சர் வீட்டிலிருந்த அவர் வீணையையும் வரவழைத்தான்.

"ஆசாரியாரே, இரண்டு வருஷம் காத்திருந்தவன் நான். குறை இருப்பதை நீரே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கணும் சாமி. பயந்துட்டேன், அது என் தப்பு. முடிச்சைச் சுரண்டி எடுத்தா குடம் மெலிஞ்சு நாதம் போயிடும். தந்தத்தகடு வச்சு மறைக்கத் தெரியும். மறைக்க மனசு வரலை. கீறல் கடைசி மெருகுல விழுந்தது."

"காது?"

ஆசாரி தயங்கினார். "காதைச் செதுக்கின அன்னிக்குத்தான் மக பிறந்தா. கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கழிச்சுப் பிறந்த பிள்ளை. சேதி சொல்லி வாசல்ல கூப்பிட்டாங்க. திரும்பினேன், உளி வழுக்கிடுச்சு."

அரசன் அந்தக் குட்டைக் காதை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு, "குழந்தைக்குக் காது குத்தியாகிவிட்டதா?" என்று கேட்டான்.

"இன்னும் இல்லை சாமி."

"அந்த விழா என் செலவு. இனி அரண்மனை வாத்தியங்கள் எல்லாம் உம் கையால்தான். சபேசரே, உம் பதவி உமக்கே இருக்கட்டும். விழாவன்று இந்த வீணையை மட்டும் ஆசாரி வீட்டுவரை நீரே சுமந்து வரவேண்டும்."

அப்படியே நடந்தது. தச்சர் தெருவில் ஊரே கூடி நிற்க, சபேசர் வியர்க்க விறுவிறுக்க வீணையைச் சுமந்து வந்தார். ஊசி பட்டதும் குழந்தை வீடே அதிர அழுதது. பாயில் உட்கார்ந்திருந்த அரசன் வீணையை மடியில் இழுத்து ஒரு தந்தியை மீட்டினான். குழந்தை அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஈரக் கண்ணோடு அந்தப் பக்கம் திரும்பியது.