கூழைக்கடா சொன்ன நேரம்

ஒரு காட்டின் வடகோடியில் ஓர் ஏரி, தென்கோடியில் ஓர் ஏரி. நடுவே எட்டுக் காதம். பறவைகள் இதில் கிளம்பி அதில் இறங்கும். அதில் கிளம்பி இதில் இறங்கும்.

வடக்கு ஏரிக்கரையின் கருவேல மரத்தில் மிதவன் என்னும் கூழைக்கடாவும் அவன் மனைவி தாழையும் கூடு கட்டியிருந்தார்கள். கூட்டில் இரண்டு முட்டைகள். ஒருவர் அடைகாத்தால் மற்றவர் இரைதேடப் போவார். முட்டைகள்மேல் கண் வைத்து ஒரு காகம் எதிர்க்கிளையே கதியென்று கிடந்தது.

மிதவன் நல்லவன்தான். ஆனால் பறக்கத் தொடங்கினால் கனவில் விழுந்துவிடுவான்.

ஒரு நாள் விடியலில் அவன் தெற்கு ஏரிக்குக் கிளம்பினான்.

"எப்ப வருவீங்க?" என்று கேட்டாள் தாழை.

"போக அரை நாள், வர அரை நாள். பொழுது சாயும்போது உன் பக்கத்துல இருப்பேன்."

வாடைக்காற்று வடக்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. மிதவன் சிறகை அசைக்கவே வேண்டியிருக்கவில்லை. யாரோ முதுகில் கைவைத்து மெல்லத் தள்ளுவதுபோல் இருந்தது. கீழே காடு பச்சைத் தண்ணீராக ஓடியது. அவனுடைய நிழல் மட்டும் மர உச்சிகளின்மேல் தனியாக நடந்து போனது. அரைத் தூக்கத்தில் கண்ணைத் திறந்தால், தெற்கு ஏரி. வெயில்கூட இன்னும் ஏறவில்லை.

'என் சிறகுக்கு இவ்வளவு வலுவா!' என்று அவன் பூரித்துப்போனான்.

வயிறு நிறைய மீன் தின்றான். அல்லிகளுக்கு நடுவே மிதந்தபடி கண்ணை மூடினான்.

"வடக்கே போகணும்னா இப்பவே கிளம்புங்க. எதிர்க்காத்து," என்றது அங்கே நீந்திக்கொண்டிருந்த ஒரு நாமக்கோழி.

"வந்த வழிதானே? காத்தடிச்சா எட்டுக் காதம் பத்துக் காதம் ஆயிடுமா?" என்று சிரித்துவிட்டு மிதவன் உறங்கிப்போனான்.

அவன் கிளம்பியபோது வெயில் சாய்ந்துவிட்டது. காற்று முகத்தில் அறைந்தது. பத்து முறை சிறகடித்தால் ஒரு மரம் பின்னால் போனது. காலையில் ஓடிய அதே காடு இப்போது அசையவே மறுத்தது. பாதி வழியில் சூரியன் மறைந்தான். தாழையின் முகம் நினைவுக்கு வந்ததும் மிதவனின் கனவெல்லாம் கலைந்தது. விழுந்து எழுந்து பறந்தான்.

அவன் கூட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஏரியின்மேல் நிலா ஏறியிருந்தது. தாழை குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கீழே ஒரே ஒரு முட்டைதான் இருந்தது.

"பொழுது சாஞ்சுது. இதோ வந்துடுவீங்கன்னு நம்பி, ஒரு வாய் தண்ணி குடிக்க இறங்கினேன்," என்றாள் தாழை.

எதிர்க்கிளையில் காகம் அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"எட்டுக் காதம்தானேன்னு..." என்று தொடங்கினான் மிதவன்.

தாழை எழுந்து இடம் விட்டாள். மிச்சமிருந்த முட்டையின்மேல் அவன் உட்கார்ந்தான்.

நீதி: துணை வந்த காற்றைத் தன் வலிமை என்று எண்ணுபவன் சொன்ன நேரத்துக்கு வந்து சேரமாட்டான், அந்தப் பிழையின் விளைவு அவனை நம்பிக் காத்திருந்தவர்மேல்தான் முதலில் விழும்.