முந்நூற்றுப் பன்னிரண்டு மூட்டைக் கசடு

மொட்டணம்பாளையத்தில் சாயப்பட்டறைத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற நிலையம் ஒன்று உண்டு. அங்கே மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூவரும் நல்லவர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். தொந்தரவே அதுதான்.

சென்னியப்பன் மேற்பார்வையாளர். குருநாதன் பம்பு ஓட்டுகிறவன். தெய்வாத்தாள் பதிவேடு எழுதுகிறவள். பட்டறைகளிலிருந்து சிவப்பும் நீலமுமாக வருகிற தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்து தெளியவிடுவார்கள். அடியில் தங்குகிற கசடைக் காயவைத்து மூட்டை கட்டுவார்கள். இரண்டு வருஷத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு மூட்டை சேர்ந்துவிட்டது. அதை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாத எதையும் அவர்கள் செய்வதில்லை.

ஒரு திங்கட்கிழமை ஆய்வு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நிலையத்தில் உள்ள கழிவுகளை ஆபத்தானவை, ஆபத்தற்றவை என்று பிரித்து அட்டை மாட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை ஆய்வு. தவறினால் நிலையம் பூட்டப்படும்.

நிலையத்தைப் பூட்டினால் தண்ணீரை விட இடமில்லாமல் ஊரிலுள்ள நாற்பது பட்டறையும் நின்றுபோகும். சென்னியப்பன் உடனே கூட்டம் போட்டார்.

"ஆபத்துன்னா என்னங்கண்ணா?" என்றான் குருநாதன்.

"யாருக்காச்சும் அடிபட்டிருக்கோணும். அடியே படாம ஆபத்துன்னு எப்படிச் சொல்றது? அம்மணி, விபத்துப் பதிவேட்டைப் பாரு. மூட்டை யாரையாச்சும் அடிச்சிருக்குதா?"

தெய்வாத்தாள் முதல் பக்கத்திலிருந்து படித்தாள். "மூட்டை பேர்ல ஒண்ணும் இல்லீங். போன வருஷம் உங்க நாற்காலி கால் ஒடிஞ்சு நீங்க விழுந்திருக்கறீங். ஏணி குருநாதண்ணனை ரெண்டு தடவை கீழ தள்ளியிருக்குது. கேட்டுல படுத்திருக்கற நாயி தபால்காரரைக் கடிச்சிருக்குது."

"நாயி கழிவாங்கண்ணா?"

சென்னியப்பன் நிதானமாக யோசித்தார். "அதால யாருக்காச்சும் பிரயோசனம் உண்டா?"

"இல்லீங்."

"அப்பக் கழிவுதான்."

நாற்காலிக்கும் ஏணிக்கும் நாய்க்கும் சிவப்பு அட்டை மாட்டினார்கள். மூட்டைகளுக்கெல்லாம் பச்சை. நாய் தன் அட்டையை மத்தியானத்துக்குள் தின்றுவிட்டது. 'அடையாளம் உள்ளே உள்ளது' என்று தெய்வாத்தாள் பதிவேட்டில் எழுதிக்கொண்டாள்.

பட்டியல் அலுவலகத்துக்குப் போன அரைமணி நேரத்தில் ஆய்வாளர் அமலோற்பவம் மேடம் போனில் கூப்பிட்டார்.

"என்னங்க இது, நாய், ஏணின்னு? கசடுதாங்க ஆபத்து. அதை முதல்ல ஆள் நடமாட்டம் இல்லாத இடமாப் பார்த்து, கூரைக்குக் கீழே வைங்க."

"சரிங் மேடம்" என்று போனை வைத்தார் சென்னியப்பன். "ஆள் நடமாட்டமே இல்லாத எடம் நம்ம நிலையத்துல எது?"

மூவரும் ஒரே நேரத்தில் மேலாளர் அறையைப் பார்த்தார்கள்.

மேலாளர் பொன்னம்பலம் ஆயுத பூஜையன்று வருவார். பொரி வாங்கிக்கொண்டு போனால் அடுத்த ஆயுத பூஜைக்குத்தான் வருவார். இரண்டு நாள் முதுகு ஒடியச் சுமந்து, மூட்டைகளை அவர் அறையில் கூரைவரை அடுக்கினார்கள். மேஜைமேலும் அடுக்கினார்கள். மிச்சத்தை அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் வைத்தார்கள். அட்டையை மாற்ற மேடம் சொல்லவில்லை என்பதால் பச்சை பச்சையாகவே இருந்தது.

ஆய்வு என்று கேள்விப்பட்டு மேலாளர் வியாழக்கிழமை வந்து நின்றார். அதிசயம்தான். தன் அறைக் கதவைத் திறந்தார். மேலே இருந்த மூட்டை ஒன்று நேராக அவர் காலில் விழுந்தது.

"ஐயோ, அம்மா!" என்று ஒற்றைக் காலில் குதித்தார்.

தெய்வாத்தாள் கைதட்டிக்கொண்டு ஓடிவந்தாள். "அண்ணா, அடிபட்டிருச்சுங்! இனி மூட்டை ஆபத்துதானுங்!"

மேலாளருக்கு மூவரும் நன்றி சொன்னார்கள். அவர் குதித்து முடிப்பதற்குள் தேதியும் நேரமும் பதிவேட்டில் ஏறிவிட்டன. பச்சை அட்டைகளைக் கழற்றிச் சிவப்பை மாட்டினார்கள்.

மேலாளர் மூட்டைமேல் உட்கார்ந்து கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படித்தார். "தொண்ணூறு நாளைக்கு மேல ஆபத்தான கழிவை நிலையத்துல வெச்சிருக்கக் கூடாதுன்னு போட்டிருக்குது. இது ரெண்டு வருஷமாக் கெடக்குது! நாளைக்கு அந்தம்மா வர்றப்ப மூட்டையும் நிலையமும் ஒரே எடத்துல இருக்கக் கூடாது. என்னமோ பண்ணுங்க." நொண்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

லாரி கிடைக்கவில்லை. மறுபடி சுமக்க முதுகும் இல்லை.

"அண்ணா," என்றான் குருநாதன், "ரெண்டும் ஒரே எடத்துல இருக்கக் கூடாதுன்னுதானுங்க சொன்னாரு? மூட்டை ஒண்ணு அம்பது கிலோ. நிலையத்தை மாத்திட்டா என்னங்?"

"நிலையத்தை எப்படிடா தூக்கறது?"

"பலகைலதானுங்க நிலையம்னு எழுதியிருக்குது. நாலு திருகாணி. கழட்டுனா வந்துரும்."

சென்னியப்பனுக்குக் கண் கலங்கியது. இவ்வளவு அறிவுள்ள பையனைப் பம்பில் வைத்திருந்தோமே என்று வருத்தப்பட்டார். ஏணி ஆபத்தான கழிவு என்பதால் அதைத் தொடவில்லை. குருநாதன் ஏறி நிற்கத் தன் தோளைக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை அமலோற்பவம் மேடம் ஜீப்பில் வந்தபோது, சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த புளியமரத்தில் பலகை தொங்கியது. கீழே மேஜை, பதிவேடு, மூன்று பேர்.

"நிலையம் எங்கேங்க?"

"இதுதானுங் மேடம்."

மேடம் மரத்தைப் பார்த்தார். கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். 'பெயர்ப்பலகை உள்ள இடத்தில் ஆய்வு செய்யவும்' என்று அச்சடித்திருந்தது. அவரும் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்தான். எழுத ஆரம்பித்தார். கழிவு: இல்லை. நாற்றம்: இல்லை. காற்றோட்டம்: மிக நன்று.

எழுதி முடித்துத் திரும்பியவர் எதிர்க் கட்டடத்தைக் காட்டினார். "அப்ப அது என்ன?"

சென்னியப்பன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தாழ்வாரம் முழுக்கச் சிவப்பு அட்டை. அவருக்கு நிஜமாகவே பகீரென்றது.

"தெரியலீங் மேடம். யாரோ ஆபத்தான கழிவைப் பதுக்கி வெச்சிருக்கறாங்க. பேர்ப்பலகைகூட வெக்கலை பாருங்!"

"எழுத்துல புகார் குடுங்க."

தெய்வாத்தாள் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள். அன்றைக்கே கட்டடத்தைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். உரிமையாளர் பிடிபடும்வரை, பக்கத்திலேயே ஒழுங்காக நடக்கிற நிறுவனம் என்பதால் காவல் பொறுப்பு புளியமரத்து நிலையத்துக்கே கிடைத்தது.

திங்கட்கிழமை மேலாளர் காலில் கட்டோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். பூட்டைப் பார்த்தார். மரத்தடியைப் பார்த்தார்.

"நாப்பது பட்டறையும் நின்னு போச்சுடா! பூட்டை யாருடா போட்டது? அது என் நிலையம்டா! உள்ள இருக்கறது என் ரூமு! அத்தனை மூட்டையும் நம்முளுதுடா!"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குருநாதன் மெதுவாக நடந்துபோய், ஆட்டோவுக்கும் மேலாளருக்கும் நடுவில் நின்றுகொண்டான்.

"அம்மணி," என்றார் சென்னியப்பன் தணிந்த குரலில், "மேடத்துக்குப் போன் போடு. ஆள் சிக்கிட்டாரு."