பேரலுக்கு எத்தனை ஆயுசு

“இந்த பேரல் செத்துப்போச்சு வாத்தியாரம்மா. மாத்திக் குடுங்க.”

பொன்னுரங்கம் தன் ரைபிளை மேஜைமேல் வைத்தார்.

மெர்சலின் அதைத் தொடவில்லை. கையிலிருந்த திருகாணியைத் துடைத்து டப்பாவில் போட்டு மூடினாள்.

“எப்ப செத்துச்சு?”

“போன செவ்வாய்க்கிழமை.”

அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. அவளுக்கு நாற்பத்தொன்று. அந்த மலை ஊரில் துப்பாக்கி பழுது பார்த்துக்கொண்டிருந்த அப்பா போன பிறகு, அதே முக்காலியில் அவள் உட்கார்ந்தாள். முதல் தடவை கடைக்கு வந்த பொன்னுரங்கம், “ஆள் யாராவது வந்ததும் வர்றேன்” என்று கிளம்பப் பார்த்தார். அவள் அவர் கையிலிருந்த ரைபிளை வாங்கி, அரை மணி நேரத்தில் திருப்பிக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் அதைச் சுட்டுப் பார்த்தவர், மறுநாள் வந்து “வாத்தியாரம்மா” என்றார். அதன்பின் ரைபிளைப் பற்றி அவர் தெரிந்துகொண்டதெல்லாம் அவளிடம்தான்.

அவள் மட்டும் குறி பார்க்கும் அட்டையைத் தவிர வேறெதையும் சுட்டதில்லை.

ஆளைத் துரத்தும் மிருகத்தைச் சுட, காட்டிலாகாவே உத்தரவு கொடுத்து ஆள் அனுப்பிய காலம் அது. அப்படிப் போகிற ஆள் பொன்னுரங்கம். இந்தத் தடவை உத்தரவு ஒரு காட்டெருமைக்கு. ஒற்றைக் கிடா. ஒரு மாதமாகத் தேயிலைத் தோட்டத்தில் இறங்கி ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தது.

“எண்பது கெஜம்தான் இருக்கும். முன்னங்கால் சந்துக்குக் குறி வச்சேன். பின்னந்தொடைல பட்டுச்சு. எங்க சந்து, எங்க தொடை?”

“அப்புறம்?”

“நொண்டிக்கிட்டே ஓடைக்குள்ள இறங்கிடுச்சு. லயத்து வீட்டு ஜனம் தண்ணி எடுக்கிற ஊத்து அங்கதான் இருக்கு. வியாழக்கிழமை, கொழுந்து எடை போடுற சன்னியாசியைத் தூக்கி எறிஞ்சிடுச்சு. மூணு விலா போச்சு. ஆஸ்பத்திரில கிடக்கான்.”

மெர்சலின் ரைபிளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“இருபத்தாறு வருஷத்துல இப்படி ஆனதில்ல. ஒரு பேரல் எத்தனை தோட்டாவுக்கு நேரா சுடும்? அதைச் சொல்லுங்க.”

“வருஷத்துக்கு எத்தனை சுடுவீங்க?”

“முப்பது. மிஞ்சினா நாப்பது.”

“இருபத்தாறு வருஷத்துக்கு ஆயிரம்னு வைங்க.”

அவள் ரைபிளின் பின்வாயை மூடும் போல்ட்டை உருவினாள். குழலை ஜன்னல் பக்கம் திருப்பி, பின்னாலிருந்து ஒரு கண்ணால் பார்த்தாள். அவரிடம் கொடுத்தாள். அவரும் பார்த்தார். உள்ளே வரிகள் பளபளவென்று திருகித் திருகி வெளிச்சத்துக்குப் போயின.

“தேஞ்சிருக்கா?” என்றாள்.

“கண்ணுக்குத் தெரியாத தேய்மானமா இருக்கும்.”

“துடைக்கிற கம்பியை எந்தப் பக்கமா விடுறீங்க?”

“நீங்க சொன்ன மாதிரி பின்பக்கமாத்தான். முனைல கம்பி உரசவே விட்டதில்ல.”

“சூடு ஏற ஏறச் சுடுறது உண்டா?”

“மிருகம் அதுவரைக்கும் நிக்குமா?”

“அப்படின்னா இந்த பேரல் உங்க பேரன் காலத்துக்கும் சுடும்.”

பொன்னுரங்கத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “அப்ப ஏன் தொடைல பட்டுச்சு?”

அவள் எழுந்தாள்.

கடைக்குப் பின்னால் சரிவு. நூறு கெஜம் தள்ளி மண்மேட்டில் ஓர் அட்டை நட்டிருந்தது. அவள் ரைபிளை மணல் மூட்டைமேல் கிடத்தி, குழல் ஆற ஆற, மூன்று தோட்டா சுட்டாள். இருவரும் நடந்து போய்ப் பார்த்தார்கள். மூன்று ஓட்டையையும் ஒரு தீப்பெட்டியால் மறைத்துவிடலாம்.

அவருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“மணல் மூட்டைல வச்சா உலக்கைகூட நேரா சுடும்.”

“மூட்டை வேணாம். நீங்க நின்னு சுடுங்க.”

அவரும் மூன்று சுட்டார். ஒன்று அட்டையின் அடியோரம். ஒன்று இடது மூலை. ஒன்று அட்டையிலேயே இல்லை.

“பார்த்தீங்களா? சூடாயிடுச்சு.”

“ஆறட்டும்.”

டீ குடித்தார்கள். அவள் குழல்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு தானே ஒரு தோட்டாவைப் போட்டு, போல்ட்டை மூடி, அவரிடம் நீட்டினாள்.

அவர் நின்றார். குறி பார்த்தார். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினார். விசையை அழுத்தினார்.

‘டிக்.’

வெடிக்கவில்லை. ஆனால் வெடியை எதிர்பார்த்து அவர் தோள் முன்னால் பாய்ந்தது. ரைபிளின் மூக்கு வெடுக்கென்று தரையைப் பார்த்துக் குனிந்தது.

கண்ணைத் திறந்தபோது எதிரே அட்டை இல்லை. புல் இருந்தது.

கண்ணை மூடியிருந்தோம் என்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

அவள் அந்தத் தோட்டாவை எடுத்து அவர் கையில் வைத்தாள். கனம் குறைந்திருந்தது. உள்ளே வெடிமருந்து இல்லை.

“எப்பலேர்ந்து அண்ணே?”

தெரியாது என்று சொல்லிவிடலாம். அவர் புல்லைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“தை மாசத்துலேர்ந்து,” என்றார். “பழைய தோட்டா ஒண்ணு. உள்ளேயே கிழிஞ்சுடுச்சு. நெருப்பு பின்பக்கமா வந்து மூஞ்சில அடிச்சிடுச்சு. கன்னம் வெந்துபோச்சு. வீட்டுல ஸ்டவ்வு குபீர்னு பத்திக்கிச்சுன்னு சொன்னேன்.”

“ரைபிளை எங்கிட்ட கொண்டுவரலையே?”

“கொண்டுவந்தா முதல்ல பேரலைப் பார்ப்பீங்க. அப்புறம் என்னைப் பார்ப்பீங்க.”

ஞாயிறும் திங்களும் அவர் அந்தச் சரிவிலேயே கிடந்தார். அவள் ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுக் கொடுத்தாள். சிலதில் மருந்து இருந்தது, சிலதில் இல்லை. எது எதுவென்று அவருக்குத் தெரியாது. அவள் சொல்லவும் இல்லை. வெடிக்காத ஒவ்வொரு தடவையும் ரைபிள் குனிந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் தலையும் குனிந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் ஒரு ‘டிக்’. அட்டை அப்படியே கண்ணில் நின்றது.

“பார்த்தீங்களா?” என்றார்.

அவள் அடுத்த தோட்டாவைப் போட்டாள்.

சாயங்காலம் அவர் மெதுவாகக் கேட்டார். “வேற ஆள் போகட்டும்னு சொல்லுங்களேன்.”

“இருக்காங்களா?”

“ஊட்டிலேர்ந்து வரணும். பத்து நாளாகும்.”

“அதுவரைக்கும் தண்ணிக்கு?”

அவர் ரைபிளைத் துடைக்க ஆரம்பித்தார்.

“நானும் வர்றேன்,” என்றாள் மெர்சலின்.

“நீங்க எதுக்கு? ஒரு முயலைக்கூட சுட்டதில்லையே.”

“பின்னால நிக்க.”

செவ்வாய்க்கிழமை காலையில் காட்டிலாகா வாட்சர் ஜோகி அவர்களை ஓடைவரை கூட்டிப்போனான். “இதுக்கு மேல நீங்க ரெண்டு பேரும் போங்க,” என்று ஒரு மரத்தில் ஏறிக்கொண்டான்.

முன்னால் பொன்னுரங்கம். இரண்டடி பின்னால், அப்பாவின் ரைபிளைப் பிடித்துக்கொண்டு மெர்சலின். உண்ணிப்புதர் இரண்டு பக்கமும் தோளை உரசியது. முதலில் நாற்றம் வந்தது. அழுகிய புண்ணின் நாற்றம்.

பிறகு, முப்பதடியில், புதரே எழுந்து நின்றதுபோல் அது நின்றது.

தலையைத் தாழ்த்தியது.

பொன்னுரங்கத்துக்குக் கன்னம் எரிந்தது. தை மாதத்தில் எரிந்த அதே இடம். பயம் கைக்கு வந்தது. போகவில்லை. அதையும் வைத்துக்கொண்டே அவர் விசையை அழுத்தினார்.

சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. அதன் முன்முட்டி இரண்டும் மடிவது தெரிந்தது. நன்றாகத் தெரிந்தது.

இன்னொரு தோட்டாவைத் தள்ளி, காத்திருந்து, இன்னும் ஒரு தடவை சுட்டார். அதன் பிறகு ஈக்களின் சத்தம் மட்டும்.

கிட்டே போனார். பின்னந்தொடைப் புண்ணில் புழு வைத்திருந்தது. ஒரு வாரம் அதோடு நடந்திருக்கிறது. அவர் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

ஜோகி ஓடிவந்தான். பேரல் மாற்றப் போனதாகத்தான் அவனுக்குத் தெரியும். “அடேங்கப்பா! புது பேரல்னா புது பேரல்தான் சாமி!”

அவர் சும்மா தலையாட்டினால் போதும். மெர்சலின் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பேரல் பழசுதான் ஜோகி,” என்றார் பொன்னுரங்கம். “போன வாரம் நான் பயந்துட்டேன். கண்ணை மூடிட்டுச் சுட்டேன். சன்னியாசி விலா உடைஞ்சது என்னாலதான்.”

ஜோகி காதைச் சொறிந்தான்.

“சாமி, ஜனத்தைத் தண்ணி எடுக்க வரச்சொல்லவா?”

“சொல்லு.”

அவன் ஓடினான்.

இருவரும் மேடேறினார்கள்.

“வாத்தியாரம்மா.”

“ம்.”

“நான் சுட்டப்ப ரைபிள் மூக்கு அசைஞ்சுதா?”

அவள் நடந்துகொண்டே இருந்தாள்.

“அசைஞ்சிருந்தாலும் பரவால்ல. எனக்குத் தெரியணும்.”

“தெரியல அண்ணே.”

“எப்படித் தெரியாம போகும்? ரெண்டடி பின்னாலதானே நின்னீங்க?”

மெர்சலின் ரைபிளை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“கண்ணை மூடிட்டேன்.”